“நீங்க நம்ம ஆளு, ஸ்கூலைத் திறக்க விடாதீங்க”: பள்ளி வாரிய உறுப்பினரின் கடிதமும் ஒரு வழக்கறிஞரின் பதிலும்

(கொரோனா பெருந்தொற்றின் நடுவே, 2021 ஏப்ரலில் எழுதியது. இதில் வரும் விதிகளும் எண்ணிக்கைகளும் அன்றைய நிலவரம்.)

நியூ ஜெர்சியில் ஒரு சின்ன ஊர். இரண்டே பள்ளிகள், கிண்டர்கார்டன் முதல் எட்டாம் வகுப்பு வரை எழுநூறு சொச்சம் பிள்ளைகள். அவ்வளவுதான் அந்தப் பள்ளி மாவட்டம். அதை மேற்பார்வையிடும் ஏழு பேர் கொண்ட வாரியத்தில் இருக்கும் ஒரே தமிழர் எனக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். 2019 நவம்பர் தேர்தலில் ஜெயித்து 2020 ஜனவரியில் உறுதிமொழி எடுத்தவர். பத்து வாரம் கழித்துப் பள்ளிகள் மூடப்பட்டன. “நூலகம், கணக்குப் பாடத்திட்டம் என்று என்னென்னவோ யோசித்துத்தான் தேர்தலில் நின்றேன். ஒரு வருஷமாகப் பேசுவதெல்லாம் முகக்கவசமும் ஜன்னலும்தான்” என்கிறார்.

கடிதத்தின் சாரம் இது. இப்போது பிள்ளைகளில் பாதிப் பேர் திங்கள், செவ்வாயும், மீதிப் பேர் வியாழன், வெள்ளியும் பள்ளிக்கு வருகிறார்கள். புதன்கிழமை சுத்தம் செய்வதற்காகப் பள்ளி மூடியிருக்கும். பத்தில் நான்கு குடும்பங்கள் முழுக்க வீட்டிலிருந்தே படிப்பதைத் தேர்ந்தெடுத்திருக்கின்றன. ஐந்து நாளும் திறப்பதா என்று இந்த மாதக் கூட்டத்தில் வாக்கெடுப்பு. தமிழ்ப் பெற்றோர் தினமும் போன் செய்கிறார்கள்: “நீங்க நம்ம ஆளு. வீட்ல பெரியவங்க இருக்காங்க. திறக்க விடாதீங்க.” இவருடைய பக்கத்து வீட்டுப் பெண்ணோ ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனி ஆளாகப் பிள்ளை வளர்ப்பவர். அவர் வேலைக்குப் போகும் நாட்களில் இரண்டாம் வகுப்புப் பெண் லேப்டாப் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள்.

இன்னும் நான்கு விஷயங்கள் அவரை உறங்கவிடவில்லை. பிப்ரவரியில் ஓர் ஆசிரியைக்குக் கொரோனா வந்தது. வாரிய உறுப்பினரான இவர் அதைத் தன் நெருங்கிய தோழி ஒருத்தியிடம் மட்டும் சொன்னார், சாயங்காலத்துக்குள் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழு முழுக்கப் பரவிவிட்டது. வாரிய உறுப்பினர்கள் நான்கு பேர் தனியாக ஒரு குழு வைத்துப் பேசிக்கொள்கிறார்கள், அதில் இவரும் உண்டு. கூட்டாட்சி அரசின் நிதியில் மூன்று நிரந்தர ஆசிரியர்களை எடுக்கலாம் என்கிறார் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட். ஆட்டிசம் உள்ள மகனுக்கு ஒரு வருடமாகப் பேச்சுப் பயிற்சி சரியாகக் கிடைக்கவில்லை என்று ஒரு தமிழ்த் தாய் இவரிடம் அழுதிருக்கிறார். ‘ஆன்லைனுக்கு நீங்களே ஈமெயிலில் சம்மதித்தீர்கள், இனி எதுவும் கேட்க முடியாது’ என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்களாம்.

“எப்படி ஓட்டுப் போடுவது? என்மேல் வழக்கு வருமா? ராஜினாமா செய்துவிடட்டுமா?” இவைதான் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

பல ஆண்டுகளாகப் பள்ளி வாரியங்களுக்கும் பெற்றோருக்கும் சட்ட ஆலோசனை சொல்லிவருகிறேன். சம்பளமில்லாத இந்தப் பொறுப்பில் உள்ளவர்களை இந்த ஒரு வருடம் சோதித்த மாதிரி வேறெந்த வருடமும் சோதித்ததில்லை. உங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு வழக்கறிஞர் இருப்பார். நான் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் வாக்கெடுப்புக்கு முன் அவரிடம் ஒருமுறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

முதலில் வழக்குப் பயம். வாரிய உறுப்பினர் என்ற முறையில் கடமையைச் செய்யும்போது உங்கள்மேல் சிவில் வழக்கு வந்தால், அதன் செலவை வாரியம்தான் ஏற்க வேண்டும் என்று நியூ ஜெர்சி சட்டம் சொல்கிறது. ஐந்து நாள் திறக்க வாக்களித்ததற்காகவோ, எதிர்த்ததற்காகவோ உங்கள் வீடு ஏலத்துக்கு வந்துவிடாது. நீங்கள் பயப்பட வேண்டிய இடம் வேறு. பள்ளி நெறிமுறைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதை மீறினால் யார் வேண்டுமானாலும் 180 நாட்களுக்குள் நெறிமுறை ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கண்டிப்பில் தொடங்கிப் பதவி நீக்கம் வரை தண்டனை உண்டு. அந்தச் சட்டத்தின் நடத்தை விதிகளில் ஒன்றை உங்கள் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டிவைக்கச் சொல்வேன்: பள்ளிகளை நிர்வகிப்பது உறுப்பினரின் வேலை அல்ல, அவை நன்றாக நிர்வகிக்கப்படுகின்றனவா என்று சக உறுப்பினர்களோடு சேர்ந்து பார்ப்பதே வேலை.

உங்கள் கடிதத்தை இரண்டுமுறை படித்தேன். பள்ளி நர்ஸ் இரவு பத்து மணிக்கு உங்களைக் கூப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். வகுப்பறை வரைபடத்தை வைத்துக்கொண்டு, தொற்று வந்த பிள்ளைக்கு ஆறடிக்குள் பதினைந்து நிமிடம் யார் யார் இருந்தார்கள் என்று பென்சிலால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தாராம், நீங்களும் போனிலேயே கூட இருந்து பெயர்களைச் சரிபார்த்துக் கொடுத்தீர்களாம். உங்கள் நல்ல மனசு புரிகிறது. ஆனால் அந்தப் பெயர்கள் உங்கள் காதுக்கு வந்திருக்கவே கூடாது. ஒரே ஒரு நர்ஸ் இரவு பத்து மணிவரை தனியாக இதைச் செய்கிறார் என்ற விஷயம் மட்டும்தான் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அந்த ஆசிரியையின் பெயர்

நீங்கள் செய்தது தவறு. அதை மென்மையாகச் சொல்லலாம், இல்லை என்று சொல்ல முடியாது. ஊழியரின் உடல்நிலைத் தகவலைப் பணி வழங்குபவர் ரகசியமாக வைக்க வேண்டும் என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான கூட்டாட்சிச் சட்டத்தின் விதி. வெளியே போனால் ஒருவரை அநாவசியமாகக் காயப்படுத்தும் விஷயத்தைக் காக்க வேண்டும் என்று உங்கள் நடத்தை விதியும் சொல்கிறது. “எங்க பிள்ளைங்க அந்த கிளாஸ்லதான இருக்காங்க, பேர் தெரிஞ்சுக்க எங்களுக்கு உரிமை இல்லையா?” என்று பெற்றோர் கேட்பது நியாயமாகத்தான் படும். அவர்களுடைய உரிமை, தங்கள் பிள்ளை நெருங்கிய தொடர்பில் இருந்ததா, எத்தனை நாள் வீட்டில் இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுவரைதான். பெயர் சுகாதாரத் துறைக்குப் போகலாம், வாட்ஸ்அப்புக்குப் போகக் கூடாது. பிள்ளைகளின் விவரத்துக்கு 1974-ஆம் ஆண்டுக் கல்விப் பதிவுச் சட்டத்தின் பாதுகாப்பு தனியாக உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: திங்கட்கிழமை வாரிய வழக்கறிஞரைக் கூப்பிட்டு நடந்ததை நீங்களே சொல்லிவிடுங்கள். அந்தக் குழுவில் போய் விளக்கம் எழுதாதீர்கள். அந்த ஆசிரியையிடம் மன்னிப்புக் கேட்கத் துடிக்கிறீர்கள் என்று தெரிகிறது. வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டுக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

நான்கு பேர் குழு

ஏழு பேரில் நான்கு என்பது பெரும்பான்மை. பெரும்பான்மை உறுப்பினர்கள் வாரிய விஷயத்தைத் தங்களுக்குள் பேசினால், அது போர்டு அறையில் நடந்தாலும் போனில் நடந்தாலும், திறந்த பொதுக்கூட்டச் சட்டத்தின் கண்ணில் கூட்டமாகிவிடக்கூடும். கூட்டம் என்றால் 48 மணி நேர முன்னறிவிப்பு வேண்டும், பொதுமக்கள் பார்க்க வழி வேண்டும். பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் கொண்டுவந்த திருத்தம் இணையவழிக் கூட்டத்துக்குத்தான் இடம் கொடுத்தது, மறைவாகப் பேசுவதற்குக் கொடுக்கவில்லை. பணியாளர் விவகாரம், வழக்கு, தொழிற்சங்கப் பேச்சுவார்த்தை போன்ற சிலவற்றுக்கு மட்டும் மூடிய அமர்வு உண்டு. பள்ளியைத் திறப்பதா என்ற விவாதம் அதில் சேராது.

“பயந்துபோய் என் மெசேஜ்களை அழித்துவிடலாமா என்று பார்க்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். அவை பொது ஆவணங்களாகக் கருதப்படக்கூடும், நாளை யாராவது தகவல் கேட்கலாம். அழித்தால் சின்னத் தவறு பெரிய தவறாகிவிடும். எழுதுவதை நிறுத்துங்கள், இருப்பதை அப்படியே வைத்திருங்கள், மற்ற மூவருக்கும் இதையே சொல்லுங்கள்.

திறப்பதா, வேண்டாமா?

உங்களிடம் பேசும் தமிழ்ப் பெற்றோரின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்க ஆறு மாத விசாவில் வந்து, விமானம் நின்றுபோய், இங்கேயே தங்கிவிட்ட தாத்தா பாட்டிகள் எத்தனை வீட்டில்! அவர்களில் பலருக்குச் சரியான மருத்துவக் காப்பீடுகூடக் கிடையாது. மேல் மாடியில் அப்பா அம்மா, கீழே பள்ளிக்குப் போய்வரும் பிள்ளை என்றால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? போன மாதம் வெளிவந்த கூட்டாட்சிக் கல்வித் துறையின் கணக்கெடுப்பும் இதையே காட்டுகிறது. ஜனவரி நிலவரப்படி நான்காம் வகுப்பு ஆசியப் பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு முழுக்க வீட்டிலிருந்து படித்தார்கள், வெள்ளையர் பிள்ளைகளில் கால் பங்குக்குச் சற்று மேல்.

ஆனால் அவர்கள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். ஐந்து நாளும் பள்ளி திறந்தால் தங்கள் பிள்ளையை அனுப்பியே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முழு நேரமும் வீட்டிலிருந்து படிக்கும் வாய்ப்பைக் குடும்பங்களுக்குத் தர வேண்டும் என்று 2020 ஜூலையில் மாநிலம் சொன்னது இந்தக் கல்வியாண்டு முடியும்வரை இருக்கிறது. நீங்கள் திறக்க வாக்களித்தாலும் அந்தத் தாத்தா பாட்டி வீட்டுப் பிள்ளை ஜூன்வரை வீட்டிலேயே இருக்கலாம். திறக்கக் கூடாது என்று வாக்களித்தால் பக்கத்து வீட்டு நர்ஸின் மகளுக்குத்தான் வேறு வழியே இல்லாமல் போகும். உங்கள் ஓட்டு யாருடைய கதவை அடைக்கிறது என்று இப்படி யோசித்துப் பாருங்கள். செப்டம்பரிலும் இதே சலுகை தொடரும் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். அடுத்த ஆண்டு எல்லாப் பிள்ளைகளும் நேரில் வருவதையே எதிர்பார்ப்பதாக ஆளுநர் மர்ஃபி சொல்லிவருகிறார். அதோடு, தனிப்பட்ட வாக்குறுதி கொடுப்பதே உங்கள் நடத்தை விதிக்கு விரோதம்.

போன ஆகஸ்டில் வேறொரு மாவட்டத்தில் சூப்பரின்டெண்டென்டோடு ஒரு வகுப்பறையில் நின்றேன். தரையில் மண்டிபோட்டு இன்ச் டேப்பின் ஒரு முனையை அவர் பிடிக்க, மறுமுனையை நான் இழுத்தேன். நீலநிற டேப்பை வெட்டி ஒவ்வொரு மேசைக்கும் அடையாளம் ஒட்டினோம். இருபத்து நான்கு மேசை இருந்த அறையில், ஆறடி இடைவெளி விட்டால் பதின்மூன்றுக்கு மேல் போட முடியவில்லை. மீதிப் பதினொன்றும் நடைபாதையில் கவிழ்ந்து கிடந்தன. பாதிப் பேர் சில நாள், மீதிப் பேர் வேறு நாள் என்ற ஏற்பாடு எந்தக் கொள்கையிலிருந்தும் பிறக்கவில்லை, அந்த டேப்பிலிருந்துதான் பிறந்தது. இந்த மார்ச் 19 அன்று, கூட்டாட்சி அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி அந்த அளவை மாற்றியது. எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தால் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கிடையே மூன்றடி போதும் என்றது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கும் மூன்றடிதான், ஆனால் ஊரில் பரவல் மிக அதிகமாக இருந்து பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்துவைக்க முடியாவிட்டால் ஆறடி. பெரியவர்களுக்கும், முகக்கவசம் கழற்றிச் சாப்பிடும் நேரத்துக்கும் ஆறடி அப்படியே இருக்கிறது. ஆகவே சிக்கல் இப்போது வகுப்பறையைவிட மதியச் சாப்பாட்டில்தான். ஜிம்மில் உட்காரவைப்பார்களா, வெளியே கூடாரம் போடுவார்களா, சாப்பாட்டுக்கு முன்பே வீட்டுக்கு அனுப்புவார்களா? கூட்டத்தில் கேளுங்கள்.

புதன்கிழமை மூடல் பற்றியும் கேளுங்கள். தொட்ட பொருளால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று இந்த ஏப்ரல் 5-ஆம் தேதி சிடிசி எழுதியிருக்கிறது. வாரத்தில் ஒரு முழு நாள் மேசை துடைப்பதற்காகப் பள்ளியை மூடுவதற்கு இனி நியாயம் இல்லை. அந்த உழைப்பையும் பணத்தையும் காற்றில் போடுங்கள், நிஜமாகவே காற்றில்: எந்த அறையில் ஜன்னல் திறக்கிறது, காற்று இயந்திரங்களில் நுண்துகளையும் பிடிக்கும் மெர்வ்-13 வடிகட்டி பொருந்துமா, பொருந்தாத அறைகளுக்கு என்ன ஏற்பாடு? வீடு கட்டும்போது மேஸ்திரியை எத்தனை கேள்வி கேட்போமோ அத்தனை கேள்வி கேட்கலாம்.

ஆசிரியர்களை மறந்துவிட வேண்டாம். மார்ச் 15 முதல் நியூ ஜெர்சியில் அவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம், எத்தனை பேர் போட்டுக்கொண்டார்கள் என்ற மொத்த எண்ணிக்கையைக் கேட்கலாம், பெயர்களைக் கேட்கக் கூடாது. புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர் போன்றவர்களுக்கு மாற்று ஏற்பாடு கேட்கும் உரிமை உண்டு. எதிரே பன்னிரண்டு முகம், திரையில் பத்து முகம் என்று ஒரே நேரத்தில் இரு வகுப்பு நடத்துகிறார்களே, அந்தக் களைப்பைத் தீர்க்காமல் நாட்களை மட்டும் கூட்டினால் செப்டம்பரில் ஆள் இருக்காது.

என் கருத்து கேட்டீர்கள். சாப்பாடு, காற்று, முகக்கவசம் ஆகிய மூன்றுக்கும் நேரான பதில் கிடைத்தால், உள்ளூர் சுகாதாரத் துறையும் ஆட்சேபிக்காவிட்டால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் திறக்கவே வாக்களிப்பேன். பதில் கிடைக்காவிட்டால் இரண்டு வாரம் ஒத்திவைக்கத் தீர்மானம் கொண்டுவருவேன். எப்படி வாக்களித்தாலும் காரணத்தை மைக்கில் சொல்லுங்கள், கூட்டக் குறிப்பில் ஏறட்டும். போன் செய்த பெற்றோரைக் கூட்டத்துக்கு வந்து பேசச் சொல்லுங்கள். அவர்களுடைய குரல் உங்கள் வழியாக மட்டும் வாரியத்துக்குப் போவது அவர்களுக்கும் நல்லதல்ல, உங்களுக்கும் நல்லதல்ல. “நம்ம ஆளு” என்று அவர்கள் சொல்வதில் பாசம் இருக்கிறது. அந்தப் பாசத்தோடு சேர்ந்தே எழுநூறு பிள்ளைகளுக்கும் நீங்கள்தான் ஆள்.

கூட்டாட்சி நிதி

‘தலைக்கு இவ்வளவு’ என்று எல்லாப் பள்ளிக்கும் பணம் வரும் என்று நினைத்திருக்கிறீர்கள். இந்த நிதி மூன்று தவணையாக வந்தது: 2020 மார்ச்சில் சுமார் 1,320 கோடி டாலர், டிசம்பரில் சுமார் 5,430 கோடி, இந்த மார்ச்சில் சுமார் 12,200 கோடி. மூன்றையும் ஏழைப் பிள்ளைகளுக்கான டைட்டில் ஒன்று நிதியின் விகிதத்தில்தான் பிரிக்கிறார்கள். வசதியான சின்ன ஊருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான்.

அதைவிட முக்கியம், இது ஒருமுறைப் பணம். மூன்றாவது தவணையை 2024 செப்டம்பர் 30-க்குள் ஒதுக்கிவிட வேண்டும், அதில் ஐந்தில் ஒரு பங்காவது விட்டுப்போன படிப்பை ஈடுகட்டச் செலவாக வேண்டும். 2024-க்குப் பிறகு அந்த மூன்று ஆசிரியர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? சொத்து வரியை ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் பொதுவாக உயர்த்த முடியாது. அன்று ஆட்குறைப்புக்கு நீங்களே கை தூக்க வேண்டிவரும். கோடை வகுப்பு, காற்றோட்டம், காலவரையறை உள்ள பணியிடங்கள் என்று கேளுங்கள். பட்ஜெட் பொது விசாரணைக்கு முன், மாவட்டத்தின் வரவுசெலவைப் பார்க்கும் பிசினஸ் அட்மினிஸ்ட்ரேட்டரிடம் ஒரே ஒரு தாள் கேளுங்கள், ஒவ்வொரு செலவுக்கும் எதிரே ‘2024-க்குப் பின்?’ என்று ஒரு கட்டத்தோடு.

அந்தத் தாயும் மகனும்

அலுவலகத்தில் சொன்னது தவறு. சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்குத் தகுந்த இலவசக் கல்வி என்பது 1975 முதல் கூட்டாட்சிச் சட்டம் தரும் உரிமை. பெருந்தொற்றிலும் அதை யாரும் தள்ளுபடி செய்யவில்லை. போன வருடம் ஏப்ரலில் அன்றைய கல்விச் செயலர் பெட்ஸி டிவோஸ், அந்த அடிப்படை உரிமையில் கை வைக்கத் தேவையில்லை என்றே காங்கிரஸிடம் சொன்னார். பள்ளி மூடியிருந்த நாட்களில் திரை வழியாகப் பயிற்சி எடுக்கச் சம்மதித்த ஓர் ஈமெயில், விடுபட்ட பயிற்சிக்கு ஈடு கேட்கும் உரிமையை அழித்துவிடாது.

அந்தத் தாய், மகனுக்கு என்னென்ன பயிற்சி என்று பள்ளியோடு உட்கார்ந்து முடிவெடுக்கும் தனிக் கல்வித் திட்டக் கூட்டம் வேண்டும் என்று தேதி போட்டு எழுத்தில் கேட்கட்டும். போனில் கேட்டால் கணக்கில் வராது. எந்தெந்த வாரம் பயிற்சி நடந்தது, எது நடக்கவில்லை, முன்பு மகன் சொல்லிய எந்த வார்த்தைகள் இப்போது வரவில்லை என்று ஒரு நோட்டில் எழுதிவரட்டும். முறையான வழக்காடலுக்குப் பொதுவாக இரண்டு வருட வரம்பு உண்டு, ஆகவே தள்ளிப்போட வேண்டாம். இந்த மாநிலத்தில் ஸ்பேன் என்ற பெற்றோர் அமைப்பு இலவசமாக வழிகாட்டுகிறது. “ஊர்ல தெரிஞ்சா என்ன நினைப்பாங்களோ” என்று அவர் தயங்குவதாக எழுதியிருந்தீர்கள். நியூ ஜெர்சியில் எட்டு வயதுப் பிள்ளைகளில் 32 பேருக்கு ஒருவருக்கு ஆட்டிசம் என்கிறது 2020-இல் வெளிவந்த சிடிசியின் கணக்கு. அவர் தனி ஆள் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது அவருக்கு இந்த வழியைக் காட்டுவது மட்டும்தான். அலுவலகத்தைக் கூப்பிட்டு அந்தப் பையனுக்காகப் பேசாதீர்கள். ஆனால், இப்படி எத்தனை பிள்ளைகளுக்குப் பயிற்சி விடுபட்டது, ஈடுகட்ட என்ன திட்டம் என்று பெயரில்லாமல் பொதுக்கூட்டத்தில் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

ராஜினாமா பற்றி: உங்கள் உடம்போ குடும்பமோ தாங்காது என்றால் விலகுங்கள், அதில் அவமானம் இல்லை. பிப்ரவரியில் நடந்ததற்குப் பிராயச்சித்தமாக விலக நினைத்தால் வேண்டாம் என்பேன். நீங்கள் போனால் 65 நாட்களுக்குள் மீதி ஆறு பேர் சேர்ந்து ஒருவரை நியமிப்பார்கள், அந்த நியமனத்துக்கு ஊர் ஓட்டுப் போடாது. உங்கள் பதவிக்காலம் 2023 ஜனவரிவரை இருக்கிறது.

கடைசியாக அந்தப் பள்ளி நர்ஸ். அடுத்த முறை இரவில் அவர் கூப்பிட்டால், பெயர்களைச் சொல்ல வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம் இந்த வேலை பிடிக்கிறது என்று மட்டும் கேளுங்கள். ஜூன்வரைக்கும் அடுத்த ஆண்டுக்கும் ஓர் உதவி நர்ஸை ஒப்பந்தத்தில் எடுப்பதற்கு இந்தக் கூட்டாட்சி நிதி தாராளமாகப் பொருந்தும். வாரியத் தலைவருக்கு எழுதி அதை இந்த மாத நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள்.